கொதிக்க வைத்த ஒயின்

வெள்ளிக்கிழமை மாலை ஷல்வா செபியாஷ்விலியின் வீட்டில் மாரிலூ தொடக் கூடாத பொருள் ஒன்றே ஒன்றுதான். கிழவரைக் குளிப்பாட்டுவாள். மாத்திரை கொடுப்பாள். நகம் வெட்டிவிடுவாள். மருமகள் எதெரி கோழிக்குழம்பு வைக்க வருவதற்குள் வால்நட் பருப்பை நைசாக இடித்து வைத்திருப்பாள். வெள்ளைச் சட்டைக்குக் கழுத்துப் பொத்தான் வரை போட்டுவிட்டு, தலையில் குல்லாவையும் நேராக வைத்துவிடுவாள். திறந்த ஒயின் புட்டியை மட்டும் அவள் தொடக் கூடாது.

மாரிலூ பிலிப்பைன்ஸ்காரி. கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. வேறு சாமி கும்பிடுகிறவர் கை பட்ட ஒயின் யூதனுக்கு ஆகாது என்பது பழைய சட்டம். யூதனாகவே பிறந்திருந்தாலும் மதம் மாறிப் போனவன் என்றால் அவன் கைக்கும் அதே தீட்டுதான். இதில் ஒரு விலக்கு உண்டு. கொதிக்க வைத்த ஒயினுக்குத் தீட்டு கிடையாது. அதை எந்தச் சாமிக்கும் எவனும் படைக்க மாட்டானாம், அதனால் யார் தொட்டாலும் போகட்டும் என்று அந்தக் காலத்துப் பெரியவர்கள் விட்டுவிட்டார்கள். அஷ்தோதில் கல்யாண மண்டபங்களில் ஊற்றுவது முழுக்க அந்த ரகம்தான், பரிமாறுகிறவர்கள் யாரோ எவரோ. ஷல்வா கல்யாணத்துக்குப் போனால் தண்ணீர்தான் குடிப்பார்.

"இது ஒயினா? இருமல் மருந்து. திராட்சையைக் கொன்னு, பொணத்தைக் குளிப்பாட்டி, புட்டியில அடைச்சு வெச்சிருக்கான்" என்பார், பெண் வீட்டார் காதில் நன்றாக விழும்படி.

அப்படிப் பேச அவருக்குத் தகுதி இருந்தது. ஜார்ஜியாவில், குதாய்ஸியில், அவருடைய அப்பா மண்ணில் கழுத்து வரை புதைத்த தாழிகளில் ஒயின் போட்டவர். ஷல்வா எழுபதுகளில் பெண்டாட்டி பிள்ளையோடு இஸ்ரேலுக்கு வந்து, அஷ்தோத் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். குடியிருந்தது நாலு மாடிக் கட்டடம். தாழி புதைக்க மண் ஏது? கீழே ஸ்டோர் ரூமில் பிளாஸ்டிக் பீப்பாய்களை அடுக்கினார். கோடை முடியும்போது யூத ஜெபாலயத்து நண்பர்கள் இலோவும் மிகாகோவும் கால் கழுவிக்கொண்டு வருவார்கள். மூன்று கிழவர்களும் கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு திராட்சையை மிதிப்பார்கள், பாடுவார்கள், போன வருஷம் யாரால் புளித்தது என்று சண்டை போடுவார்கள். பெண்டாட்டி போன பிறகு கிழவருக்கு மிச்சமிருந்த சந்தோஷம் அந்த ஒயின்தான். வாரம் முழுக்க ஒரு சொட்டுத் தொட மாட்டார். வெள்ளிக்கிழமை இரவு, ஓய்வுநாள் பிறக்கும்போது, வெள்ளிக் கோப்பை விளிம்பு வரை.

மூன்று வருஷமாக அவருக்குக் கை நடுக்கம். கோப்பையில் பாதி, மேசைவிரிப்பில் பாதி. அதனால் ஒயின் ஊற்றும் வேலை மகன் எம்ஸாருக்கு வந்து சேர்ந்தது. அவன் புட்டியைத் திறப்பான், ஊற்றுவான், அப்பா கோப்பையைத் தூக்கி ஜெபம் சொல்லும்போது கீழே தன் உள்ளங்கையைக் கொடுத்துத் தாங்கிக்கொள்வான். பார்க்கிறவர்கள் கண் வைக்கும்படி இருக்கும் அந்தக் காட்சி. எம்ஸார் மட்டும் அந்த நேரத்தில் அப்பாவின் முகத்தைப் பார்க்க மாட்டான். மாரிலூ கழுத்தில் தொங்குவது யாருடைய சிலுவையோ, அவரைத்தான் அவனும் பத்து வருஷமாக மனதுக்குள் கும்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஷல்வா வீட்டில் இயேசு என்ற பெயரே எடுப்பதில்லை. எடுக்க வேண்டி வந்தால் "அந்த மனுஷன்" என்பார்கள், எச்சில் துப்புகிற குரலில்.

எம்ஸார் அவரிடம் போய்ச் சேர்ந்த கதை பெரிய கதையில்லை. அவனுக்குத் தொழில் ஏ.சி. ரிப்பேர். அஷ்தோத் வெயிலில் அவன் ஓய்ந்து உட்கார்ந்ததில்லை. தொழிற்பேட்டையில், டயர் கடைக்கும் கம்பளக் கிடங்குக்கும் நடுவில், ஒரு கூடத்தில் ஏ.சி. ஒழுகுகிறது என்று கூப்பிட்டார்கள். போனான். உள்ளே ஒரு நாற்பது பேர் உட்கார்ந்து எபிரேயத்தில் பாடிக்கொண்டிருந்தார்கள். யூதர்கள்தான். தாவீதின் சங்கீதங்கள்தான். நடுநடுவே அந்தப் பெயர் வந்தது. எம்ஸார் ஏணியில் நின்றபடி, இவர்களுக்கென்ன பைத்தியமா என்று நினைத்தான். ஒழுகல் நிற்கவில்லை, மறுபடி போனான். மூன்றாவது தடவை ஒழுகல் நின்றுவிட்டது, அவன் போவது நிற்கவில்லை.

சேர்ந்ததால் அவன் எதையும் விட்டுவிடவில்லை. யூதச் சட்டம் விலக்கிய, கோஷர் இல்லாத சாப்பாடு வாயில் படாது. காலையில் நெற்றியிலும் கையிலும் தோல்வார் கட்டி ஜெபம். ஓய்வுநாளில் விளக்கு சுவிட்சைத் தொட மாட்டான், வண்டி எடுக்க மாட்டான். சனிக்கிழமை காலையில் கூடத்துக்கு மற்றவர்கள் காரில் வந்து இறங்குவார்கள், இவன் வேர்த்து விறுவிறுத்து ஒரு மணி நேரம் நடந்து வருவான். "எம்ஸார் வந்துட்டான், ஏ.சி.யைக் கூட்டு" என்று கேலி செய்வார்கள். அங்கே பாதிப் பேருக்கு அவன் பழைய சட்டத்தை விடாத பிடிவாதக்காரன். இங்கே தெரிந்தால் மொத்தப் பேருக்கும் அவன் துரோகி. அவனுக்கோ இரண்டும் ஒரே வீட்டின் இரண்டு அறைகள்தான். தோரா என்ற அந்தச் சட்டத்தைக் கொடுத்தவர் அனுப்பியவர்தானே இயேசு, இதில் சண்டை எங்கே வந்தது என்று கேட்பான். கேட்பது மனதுக்குள் மட்டும்.

அப்பாவிடம், வீட்டுப் பக்கத்தில் புதிதாக ஒரு ஜெபாலயம் வந்திருக்கிறது, அங்கே போகிறேன் என்று சொல்லியிருந்தான். திராட்சை மிதிக்கும் நாளில் பெட்டிகளை வேனில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, "முதுகுவலிப்பா" என்று நழுவிவிடுவான். முழுத் திராட்சைக்குத் தீட்டு இல்லை, சாறாக ஓட ஆரம்பித்தால்தான். ஜெபாலயத்துக்கும் போகிற ஒயின் அது. அதில் தன் கை படக் கூடாது என்று அத்தனை வருஷமும் விலகி நின்றான். பீப்பாயிலிருந்து விலகலாம். நடுங்குகிற அப்பாவின் கையிலிருந்து எப்படி விலகுவது? முதல்முறை ஊற்றச் சொன்ன அன்றைக்கு முதுகுவலி என்று சொல்ல முடியவில்லை. ஒரு வாரம் ஊற்றினான், பிறகு மறு வாரம். அப்படியே மூன்று வருஷம்.

பஸ்கா பண்டிகை முடிந்த ஒரு வெள்ளிக்கிழமை அது நடந்தது. மேசைவிரிப்பு நாற்காலிக் காலில் மாட்டி இழுபட, திறந்து வைத்திருந்த புட்டி சாய்ந்தது. பக்கத்தில் நின்ற மாரிலூ சட்டென்று பிடித்துவிட்டாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. பிடித்தவளுக்கே பிறகுதான் உறைத்தது. கையைச் சுட்டுக்கொண்டவள் மாதிரி உதறினாள்.

ஷல்வா புட்டியைப் பார்த்தார். அந்த வருஷத்து ஒயின் நன்றாக வந்திருந்தது, பத்து வருஷத்தில் அப்படி வந்ததில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"எம்ஸார், அதைத் தொட்டியில கொட்டிடு."

"அப்பா, புட்டியைத்தானே புடிச்சா..."

"கொட்டுப்பா."

கொட்டினான். சமையலறை முழுக்க வாசனை. கிழவர் மாரிலூவைக் கூப்பிட்டு, நடுங்கும் கையை அவள் தலையில் வைத்தார். "நீ என்ன பண்ணுவே, கொழந்தை. விழாம புடிச்சே. உன் மேல தப்பே இல்ல. சட்டம் அப்படி. நீ அழுதேன்னா நான் சாப்பிட மாட்டேன்."

அவள் அழாமல் தலையாட்டிவிட்டு சமையலறைக்கு வந்து அழுதாள். எம்ஸார் வேறு புட்டி எடுக்க வந்திருந்தான்.

"நான் அழுக்கா, எம்ஸார்?"

"ஐயோ, இல்ல மாரிலூ."

"அப்போ ஏன்?"

நீயும் நானும் ஒன்றுதான் என்று சொல்ல வாயெடுத்தவன் அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டான். புதுப் புட்டியைத் திறந்து எடுத்துக்கொண்டு போய், அதே கையால், அப்பாவின் கோப்பை நிறைய ஊற்றினான். அவர் நிம்மதியாகக் கண்ணை மூடி ஜெபம் சொல்லிக் குடித்தார். "மகன் ஊத்தினா அது தனி ருசி" என்றார். எம்ஸாருக்கு அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அந்த வாரம் அவனுக்குச் சரியான தூக்கமில்லை. கூடத்தை நடத்துகிற ஹெக்டரிடம் போனான். அர்ஜென்டினாவில் பிறந்த யூதர், நல்ல மனிதர், எதற்கும் பதில் வைத்திருப்பார்.

"எம்ஸார், நீ யூதனா இல்லையா?"

"யூதன்தான்."

"மதம் மாறினியா?"

"இல்ல."

"அப்புறம் உன் கையில என்னய்யா தீட்டு? நீ ஊத்தறது சுத்தமான ஒயின். இது மோசே குடுத்த சட்டம்கூட இல்ல. பின்னாடி வந்தவங்க போட்ட வேலி."

"வேலியோ சுவரோ, எங்கப்பா அதுக்குள்ளதான் எண்பத்திநாலு வருஷமா வாழ்ந்திருக்காரு."

"அப்ப சொல்லிடு. மறைக்கறதுதான் தப்பு."

"சொன்னா அவரு என்னை உயிரோட இருக்கறப்பவே செத்தவனாக்கித் தரையில உக்காந்து துக்கம் கொண்டாடுவாரு. அப்புறம் வெள்ளிக்கிழமை அவருக்குக் கோப்பையைப் புடிக்கறது யாரு?"

ஹெக்டர் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"என் தப்புன்னா என் தலையோட போகும், ஹெக்டர். இது அவரு வாயில நான் ஊத்தற தப்பு. அவரு கணக்குல அது பாவம். அவருக்குத் தெரியாமயே வாராவாரம் அவரைப் பாவம் செய்ய வெக்கறேன்."

ஹெக்டர் அவனுக்காக ஜெபம் செய்தார். வேறென்ன செய்வார்?

பெண்டாட்டி எதெரிக்கு எல்லாம் தெரியும். அவள் கூடத்துக்கு வந்ததில்லை, வருகிறதாகவும் இல்லை. புருஷனுக்கு ஏதோ ஒன்று பிடித்துப் போயிருக்கிறது, குடிக்கிறதுக்கு இது தேவலாம் என்று விட்டுவிட்டவள். அப்பாவிடம் சொல்லிவிடப் போகிறேன் என்று அவன் சொன்னதும் கரண்டியோடு திரும்பினாள்.

"சொல்லுங்க. நல்லா சொல்லுங்க. சொல்லிட்டு நேரா ஆம்புலன்ஸுக்கும் நீங்களே போன் பண்ணிடுங்க. உங்க இயேசுவே நேர்ல வந்து ஊத்தினாலும் உங்கப்பா குடிக்க மாட்டாரு."

"அவரும் யூதர்தானே, எதெரி."

"அதை உங்கப்பாகிட்டப் போய்ச் சொல்லுங்க, நான் வாசல்ல நின்னு வேடிக்கை பாக்கறேன்."

அப்போதுதான் எம்ஸார் அந்த யோசனையைச் சொன்னான். கொதிக்க வைத்துவிட்டால்? கொதித்த ஒயினை யார் ஊற்றினாலும் தீட்டில்லை. அப்பா கணக்கிலும் தீட்டில்லை.

எதெரி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "உங்கப்பா ஒயினையா? அதுக்கு என்னைக் கொலை பண்ணச் சொல்லுங்க, அது சுலபம்."

ஆனாலும் செய்தாள். ராத்திரி அவன் புரண்டு புரண்டு படுப்பதைப் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறாள். ஸ்டோர் ரூம் சாவி அவளிடம் இருந்தது. அடைத்த பெரிய புட்டி ஒன்றைத் தங்கள் வீட்டுக்குத் தூக்கிவந்து, தானே திறந்து, தானே பாத்திரத்தில் ஊற்றி அடுப்பில் வைத்தாள். கொதிப்பதற்கு முன் எம்ஸார் தொட்டால் வைத்தியமே வீணாகிவிடும்.

"அங்கயே நில்லுங்க! வாசப்படி தாண்டாதீங்க. மூச்சைக்கூட அந்தப் பக்கம் விடுங்க."

ஐம்பத்திரண்டு வயது மனுஷன், பெருந்தீட்டுக்காரன் மாதிரி வாசற்படியில் நின்று, தன் அப்பாவின் ஒயின் நுரைத்துப் பொங்குவதைப் பார்த்தான். வீடெல்லாம் ஜாம் காய்ச்சுகிற வாசனை. அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டான். எதெரி அதைக் கவனித்துவிட்டு, கரண்டியால் நுரையை விலக்கினாள். ஆறியதும் புட்டிகளில் நிரப்பி, அப்பா வீட்டிலிருப்பது போலவே கார்க் வைத்து அடைத்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை எம்ஸார் அந்தப் புட்டிகளில் ஒன்றைத் திறந்து ஊற்றினான். ஷல்வா ஜெபத்தை முடித்து ஒரு வாய் குடித்தார். விழுங்கவில்லை. வாயிலேயே வைத்திருந்தார். எதெரி தட்டுகளை அடுக்குகிற சாக்கில் சமையலறைக்குள் ஓடிவிட்டாள். கிழவர் மகனைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். விழுங்கினார்.

"இந்த வருஷம் வெயில் ஜாஸ்தி" என்றார். "ஒயினும் களைச்சுப் போச்சு."

மிச்சத்தையும் குடித்துவிட்டுக் கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். வழக்கமாக இரண்டாவது கோப்பை கேட்பார், அன்றைக்குக் கேட்கவில்லை.

நடந்து வீட்டுக்குத் திரும்பும்போது எம்ஸார், "அப்பாவுக்கு நாக்கு போயிடுச்சு, எதெரி" என்றான். வயசானால் அப்படித்தான் என்று இருவரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். அந்த ராத்திரி அவன் நன்றாகத் தூங்கினான். காலையில் எழுந்தபோது குற்றவுணர்ச்சி தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தது. ஒரு ஏமாற்று தீர்ந்து இன்னொன்று ஆரம்பித்திருக்கிறது, அவ்வளவுதான். அப்பா பாவத்திலிருந்து தப்பித்தார், சரி. தன்னுடைய பங்கு எங்கே குறைந்தது?

கோடை முழுக்க அப்படியே போயிற்று. திராட்சைக் காலம் வந்தது, எம்ஸார் பெட்டிகளை இறக்கினான், இடுப்பைப் பிடித்துக்கொண்டான். ஷல்வா வழக்கமாக, "இந்த முதுகை வெச்சுக்கிட்டு என்னடா ஆம்பளை" என்று திட்டுவார். அந்த வருஷம், "சரி, போய்ப் படு" என்றார். இலோவும் மிகாகோவும் மிதித்தார்கள். ஷல்வா நாற்காலியில் உட்கார்ந்து அதிகாரம் செய்தார்.

கூடாரப் பண்டிகைக்குப் பிறகு ஒருநாள் போனபோது, அப்பாவின் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தது.

"என்னப்பா இது?"

"வெந்நீர்."

மாரிலூவைக் கேட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நான் உதவி பண்றேன்னு சொன்னேன். அப்பா கிட்டயே வரக் கூடாதுன்னு சொல்லிட்டார். ரொம்பப் பிடிவாதம்." எம்ஸார் அவளையே கோபித்துக்கொண்டான், பார்த்துக்கொள்ளத்தானே நீ இருக்கிறாய் என்று. அவள் மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

முதல் மழை பெய்த வெள்ளிக்கிழமை. எதெரி மெழுகுவர்த்தி ஏற்றிக் கண்களை மூடிக்கொண்டாள். மேசையில் பின்னல் ரொட்டி, வால்நட் போட்ட கீரை, கோழி. புது ஒயின் புட்டி ஏற்கெனவே திறந்து மேசைமேல் இருந்தது. திறக்கிறது எப்போதும் எம்ஸார்தான். யார் திறந்தது என்று கேட்க அவனுக்குத் தோன்றவில்லை. எதெரி இன்னும் புது ஒயினைக் காய்ச்ச ஆரம்பிக்கவில்லையே, இன்றைக்கு மறுபடி காய்ச்சாத ஒயினை ஊற்ற வேண்டுமே என்ற கவலையில் இருந்தான்.

ஷல்வா உட்காரவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"மாரிலூ, ஒரு டம்ளர் எடுத்துட்டு வா. உனக்கு நீயே ஊத்திக்கோ."

அவள் டம்ளரைக் கொண்டுவந்தாள். எம்ஸாருக்குப் புரியவில்லை. அவள் புட்டியின் கழுத்தைப் பிடித்தபோது அவன் கை தானாகப் பாய்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தது.

"அப்பா! மறந்துட்டீங்களா? இது ஒயின்!"

"நான் எதையும் மறக்கல. கையை எடு. கொதிக்க வெச்சதுதான்."

மழை ஜன்னலில் அடித்துக்கொண்டிருந்தது. எதெரி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தாள்.

"யாரு... கொதிக்க வெச்சது?"

"நான்தான். வேற யாரு? இந்தப் பொண்ணு தொடக் கூடாது. உன் பெண்டாட்டியைக் கேட்டா உன்கிட்டச் சொல்லிடுவா. இலோவும் மிகாகோவும் அவங்க பங்கைத் தூக்கிட்டுப் போனப்புறம், என் பங்கை நானே மொண்டு ஊத்திக் கொதிக்க வெச்சேன்." கட்டுப் பிரித்த மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினார். தழும்பு இன்னும் சிவந்திருந்தது. "வெந்நீர் இல்ல. ஒயின்."

எம்ஸார் அந்தத் தழும்பிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டான். "எப்பத் தெரியும்?"

"முதல் வாய்லயே. என் அப்பன் தாழியில கைவிட்டு வளந்தவன்டா நான். என் ஒயினை எவனோ காய்ச்சியிருக்கான்னு எனக்குத் தெரியாதா? முதல்ல எதெரி ஏதோ மறதியா அடுப்புப் பக்கம் வெச்சுட்டான்னு நெனச்சேன். அடுத்த வாரமும் அதே இருமல் மருந்து. அப்புறம் உக்காந்து யோசிச்சேன். நம்ம ஒயினை ஒருத்தன் எதுக்குக் காய்ச்சுவான்? ஊத்தற கை ஆகாதுன்னாத்தான் காய்ச்சுவான். ஊத்தறது மாரிலூ இல்ல. ஊத்தறது நீ."

அவரே தொடர்ந்தார். "போன வருஷமே இலோ சொன்னான். உன் மகன் ஓய்வுநாள் காலைல டயர் கடைப் பக்கம் நடந்து போறான், அங்க அந்த மனுஷனோட ஆளுங்க கூடறாங்கன்னு. உன் பல்லை ஒடச்சுடுவேன்னு சொன்னேன். பாவம், அவனுக்கு இருக்கறதே நாலு பல்லு. பீப்பாய்ப் பக்கம் வந்தா மட்டும் வர்ற முதுகுவலி! ஏ.சி. மெஷினைத் தோள்ல வெச்சு நாலு மாடி ஏறும்போது எங்கடா போச்சு அந்த முதுகுவலி? இதையெல்லாம் நான் ஒண்ணாச் சேத்துப் பாக்கவே இல்ல. நீ காய்ச்சினப்புறம்தான் சேத்துப் பாத்தேன்."

தான் அப்பாவைக் காப்பாற்றச் செய்த காரியமே தன்னைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. எம்ஸார் தலையைக் குனிந்துகொண்டான். "மன்னிச்சுடுங்கப்பா."

"எதுக்கு? அந்த மனுஷனுக்கா, ஒயினுக்கா?"

எம்ஸார் பொய் சொல்லவில்லை. அன்றைக்காவது சொல்லக் கூடாது என்று நினைத்தான். "ஒயினுக்கு. சொல்லாம மூணு வருஷம் ஊத்தினதுக்கு."

"முதல் நாளே சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா என்னை இந்த மேசைல சேத்திருப்பீங்களா?"

ஷல்வாவும் பொய் சொல்லவில்லை. "சேத்திருக்க மாட்டேன். சட்டையைக் கிழிச்சிக்கிட்டுத் தரையில உக்காந்திருப்பேன்." மூச்சு வாங்கினார். "இப்பவும் நான் ஒத்துக்கல. நல்லா கேட்டுக்கோ. எனக்கு நீ பண்ணினது தப்புதான். சாகற வரைக்கும் தப்புதான். அந்தப் பேரு இந்த வீட்டுல வரக் கூடாது. இலோ கேட்டான், எதுக்குடா நல்ல ஒயினைக் காய்ச்சினேன்னு. டாக்டர் சொன்னாருன்னு சொன்னேன். ஜெபாலயமே சிரிக்குது. சிரிக்கட்டும்."

"அப்பா, எதெரி ஊத்தட்டும். இல்ல, இலோ மாமாவைக் கூப்பிடறேன். நீங்க நல்ல ஒயினே குடிங்க. எனக்காக இந்தக் கருமத்தை..."

"எனக்குக் கோப்பையைப் புடிக்கறது யாருன்னு நான்தான் சொல்லணும். நீ இல்ல."

எதெரி கையில் சுருட்டி வைத்திருந்த கைக்குட்டையால் மூக்கைத் துடைத்தாள். மாரிலூ தன் டம்ளரில் ஒரு விரல் அளவு ஊற்றிக்கொண்டு, புட்டியை எம்ஸார் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

அவன் எடுக்கவில்லை. அப்பாவைப் பார்த்தான். அவர் வாழ்க்கையில் பெருமையாகச் சொல்லிக்கொள்ள இருந்தது ஒன்றே ஒன்று. அதை அவரே, சுட்டுக்கொண்ட கையால், ஒரு வருஷத்துக்கானதையும் கொன்று புட்டியில் அடைத்து வைத்திருக்கிறார். இனி வாராவாரம் அதைத்தான் குடிப்பார். அவர் பாவத்திலிருந்து தப்பிவிட்டார். அவருடைய சந்தோஷத்தை மகன் குடித்துவிட்டான். மூன்று வருஷம் சுமந்த பாரம் இறங்கின இடத்திலேயே இது ஏறி உட்கார்ந்தது, இதை எந்த அடுப்பில் வைத்துக் காய்ச்சுவது என்று அவனுக்குத் தெரியவில்லை.

"மெழுகுவர்த்தி கரையுது, கோழி ஆறுது" என்றார் ஷல்வா. "என்னத்தைப் பாத்துக்கிட்டு நிக்கறே? ஊத்துப்பா."

எம்ஸார் விளிம்பு வரை ஊற்றினான். கோப்பைக்கு அடியில் உள்ளங்கையைக் கொடுத்தான். ஷல்வா ஜெபத்தை ஒரு சொல் விடாமல் சொல்லி முடித்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு, கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு கோப்பையைக் கவிழ்க்காமல் மறுபடி நீட்டினார்.